கணக்கியல் பட்டம்: மூன்று கல்லூரிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வரவுபற்று (கேள்வி)

மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். பட்டம் என்றால் கணக்கியல்தான் என்பதில் உறுதியாக இருக்கிறாள். படித்து முடித்ததும் தணிக்கைப் பக்கம் போக ஆசை. எந்த நாட்டில் வேலை பார்ப்பாள் என்பது மட்டும் முடிவாகவில்லை. மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. பெயர் வேண்டாம், அ, ஆ, இ என்றே சொல்கிறேன்.

அ: பழைய கல்லூரி, எல்லோருக்கும் தெரிந்த பெயர். மூன்றாண்டுப் பொது வணிகவியல் பட்டம். கணக்கியலை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆ: புதிய கல்லூரி. 'கணக்கியல் மற்றும் நிதி' என்ற மூன்றாண்டுப் பட்டம். ஏசிசிஏ (பிரிட்டனைச் சேர்ந்த, பல நாடுகளில் இயங்கும் கணக்காளர் அமைப்பு) தேர்வில் 9 தாள்களுக்கு விலக்கு என்று விளம்பரம் செய்கிறார்கள். மூன்றில் இங்கேதான் கட்டணம் அதிகம்.

இ: நான்காண்டுப் பட்டம். மூன்றாம் ஆண்டு முழுவதும் நிறுவனத்தில் பயிற்சி. கல்லூரியின் பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

தேர்ச்சி, வேலைவாய்ப்பு இரண்டிலும் மூன்று கல்லூரிகளுமே 90 விழுக்காட்டுக்கு மேல் சொல்கின்றன. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? நேரில் போனால் என்ன கேட்க வேண்டும்? முன்பணம் கட்ட மூன்று வாரம் இருக்கிறது.

---

பேரேடு

கல்லூரியில் தொடங்காமல், மகள் போய்ச் சேர வேண்டிய தொழில்முறைத் தகுதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை பட்டத்தால் மட்டும் வருவதில்லை. ஒரு தொழில்முறை அமைப்பின் தேர்வும், அது கேட்கும் பணி அனுபவமும் சேர்ந்தால்தான் வரும். அந்த அமைப்புகள் பட்டத்தைப் பார்க்கும் விதம் ஒன்றுக்கொன்று வேறு.

அமெரிக்கக் கணக்காளர் தகுதியான சிபிஏ, படிப்பின் அளவைப் பார்க்கிறது. நெடுங்காலமாக 150 செமஸ்டர் கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) என்பது விதி. அங்கே ஓர் இளங்கலைப் பட்டம் சுமார் 120 கிரெடிட். மீதி 30ஐ மேற்படிப்பாலோ கூடுதல் பாடங்களாலோ நிரப்ப வேண்டும். 2025 முதல் பல மாநிலங்கள், பட்டத்தோடு 2 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும் என்ற மாற்று வழியைச் சட்டமாக்கி வருகின்றன. அந்த வழியிலும் கணக்கியல் பாடங்களில் குறிப்பிட்ட அளவு படித்திருக்க வேண்டும். வெளிநாட்டு மூன்றாண்டுப் பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் கிடைக்கும் என்பது மாநிலத்தையும் மதிப்பீடு செய்யும் அமைப்பையும் பொறுத்தது. உங்கள் பட்டியலில் நான்காண்டுப் பட்டம் இ மட்டும்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்திய சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்புக்குக் கல்லூரியின் பெயர் ஒரு பொருட்டே அல்ல. வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடு எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். அதற்கு மேல் எந்தத் தாளும் குறையாது. பிறகு 2 ஆண்டு ஆர்டிகிள்ஷிப், அது முழுநேரப் பயிற்சி. இந்த வழியில் போவதானால் கல்லூரியில் பார்க்க வேண்டியது வகுப்பு நேரம், மதிப்பெண், கட்டணம். அதிகக் கட்டணம் கட்டி 'விலக்கு' வாங்குவதில் பயனே இல்லை.

ஏசிசிஏவில் இப்போது 13 தாள்கள்: அடிப்படை அறிவு 3, திறன் 6, உயர்நிலை 4. முதல் 9 தாள்களுக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். கடைசி நான்கை எல்லோரும் எழுதியாக வேண்டும். ஆக, ஆ கல்லூரி சொல்லும் 9 என்பது கிடைக்கக்கூடிய முழு அளவு. அந்த விளம்பரத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலக்கு கல்லூரிக்குக் கிடைப்பதல்ல. குறிப்பிட்ட பட்டத்தின் பெயருக்கும், அதை முடிக்கும் ஆண்டுக்கும் கிடைப்பது. ஒரே கல்லூரியில் 'கணக்கியல்' பட்டத்துக்கு 9, 'வணிகவியல்' பட்டத்துக்கு 4 என்று இருக்கலாம். ஏசிசிஏ தளத்திலேயே விலக்குக் கணிப்பான் இருக்கிறது. நாடு, கல்லூரி, பட்டம், முடிக்கும் ஆண்டு நான்கையும் நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கல்லூரி காட்டும் அச்சுத்தாளை நம்பி நின்றுவிடாதீர்கள்.

விலக்கு கைநழுவுவது பெரும்பாலும் விருப்பப் பாடத்தில்தான். தணிக்கைத் தாளுக்கு விலக்கு வேண்டுமென்றால் கல்லூரியில் தணிக்கைப் பாடம் எடுத்துத் தேறியிருக்க வேண்டும். அது விருப்பப் பாடமாக இருந்து, மாணவி வேறொன்றை எடுத்துவிட்டால் விலக்கு போய்விடும். இது பட்டம் வாங்கிய பிறகுதான் தெரியவரும். சட்டமும் வரியும் இன்னும் நுணுக்கம். ஒரு நாட்டுச் சட்டத்தையும் வரியையும் படித்துப் பெற்ற விலக்கு இன்னொரு நாட்டு அமைப்பிடம் செல்ல வேண்டும் என்பதில்லை. நாடு முடிவாகாத மாணவிக்கு இது முக்கியம்.

இன்னொன்று: ஏசிசிஏ 2027 முதல் புதிய பாடத்திட்டத்துக்கு மாறுவதாக அறிவித்திருக்கிறது. இப்போது சேரும் மாணவி பட்டம் முடிக்கும்போது புதிய திட்டம்தான் நடப்பில் இருக்கும். "மகள் முடிக்கும் ஆண்டுக்கு எந்தத் தாள்களுக்கு விலக்கு உறுதி?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

---

குறிப்பேடு

பேரேடு சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விலக்குப் பட்டியலில் தெரிவது சிலபஸ் மட்டும்தான். வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வினாத்தாளைப் பாருங்கள். மூன்று கல்லூரிகளிலும் கடைசி இரண்டு ஆண்டு இறுதித்தேர்வு வினாத்தாள்களை நூலகத்திலோ படிக்கும் மாணவர்களிடமோ கேட்டு வாங்குங்கள். நிதி அறிக்கையிடல், தணிக்கை, மேலாண்மைக் கணக்கியல் ஆகிய மூன்று தாள்கள் போதும்.

முதலில் குத்தகைக் கணக்கைத் தேடுங்கள். பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகளில் பழையவற்றின் பெயர் ஐஏஎஸ், புதியவற்றின் பெயர் ஐஎஃப்ஆர்எஸ். ஐஏஎஸ் 17 என்ற பழைய தரநிலைக்குப் பதிலாக ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1இல். ஒரு நிறுவனம் இயந்திரம் ஒன்றை 5 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறது. ஆண்டு முடிவில் 1,00,000 தவணை, வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் அது இயக்கக் குத்தகை (வெறும் வாடகை போன்றது) என்றால் ஆண்டுக்கு 1,00,000 செலவு என்று இலாப நட்டக் கணக்கில் எழுதினால் வேலை முடிந்தது. இருப்புநிலைக் குறிப்பில் ஒன்றும் ஏறாது. புதிய முறையில் ஐந்து தவணைகளின் இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்: 3,79,079. அது ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமைச் சொத்தாகவும், மறுபக்கம் பொறுப்பாகவும் ஏறும். முதலாண்டில் வட்டி 37,908, தேய்மானம் 75,816. மொத்தச் செலவு 1,13,724. ஆண்டு முடிவில் மிஞ்சும் பொறுப்பு 3,16,987. ஐந்தாம் ஆண்டில் வட்டி 9,091 ஆகச் சுருங்கி, செலவு 84,907க்கு இறங்கிவிடும். ஐந்து ஆண்டையும் கூட்டினால் அதே 5,00,000தான். செலவு எந்த ஆண்டில் எவ்வளவு விழுகிறது என்பதும், கடன் வெளியே தெரிகிறது என்பதும்தான் மாற்றம். அமெரிக்க விதிகளில் பொறுப்பு இதே போல ஏறும், ஆனால் இயக்கக் குத்தகையின் செலவு ஆண்டுக்கு 1,00,000 ஆகவே நிற்கும்.

வினாத்தாளில் இந்தக் கணக்கு எந்த முறையில் வந்திருக்கிறது என்று பாருங்கள். இன்னும் ஐஏஎஸ் 17 இருந்தால், அந்தப் பாடத்திட்டத்தை யாரும் தொட்டுப் பல ஆண்டு ஆகிறது என்று பொருள். வருவாய்க்கு ஐஏஎஸ் 18 இருந்தாலும் அப்படியே. 2018இல் ஐஎஃப்ஆர்எஸ் 15 அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இனி வரப்போவதற்கும் ஒரு கேள்வி உண்டு: ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 முதல் ஐஏஎஸ் 1க்குப் பதிலாக வருகிறது. இலாப நட்ட அறிக்கையில் வரவு செலவுகளை இயக்கம், முதலீடு, நிதி என்று பிரித்து, இயக்க இலாபத்தைக் கட்டாயம் காட்டச் சொல்கிறது. "இதை எந்த செமஸ்டரில் சேர்க்கிறீர்கள்?" என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். தயாராக இருப்பவர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

அடுத்து கேள்வியின் தன்மை. "தணிக்கையின் வகைகளை விளக்குக" என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தால் அது மனப்பாடச் சோதனை. நல்ல தாள் ஒரு நிறுவனத்தைக் கண்முன் நிறுத்தும்: சரக்கை அனுப்புபவர், விலைப்பட்டியல் போடுபவர், வாடிக்கையாளரிடம் பணம் வாங்கிப் பதிபவர் மூவரும் ஒரே ஆள். இதில் என்ன ஓட்டை, அதனால் என்ன நடக்கலாம், தணிக்கையாளர் எதைச் சோதிப்பார் என்று மூன்றையும் கேட்கும். தொழில்முறைத் தேர்வுகளில் வருவது இந்த இரண்டாவது வகைதான். மூன்று ஆண்டு முதல் வகையிலேயே பழகியவர்கள், பாடம் தெரிந்தும் அங்கே திணறுவார்கள்.

மேலாண்மைக் கணக்கியலிலும் அதே அளவுகோல். மூலப்பொருள் விலை மாறுபாடு சாதகம் (திட்டமிட்டதைவிட மலிவு), பயன்பாட்டு மாறுபாடு பாதகம் (திட்டமிட்டதைவிட அதிகம் செலவானது) என்று கணக்குப் போடச் சொல்லி நிறுத்திவிடுகிறதா, அல்லது இரண்டையும் சேர்த்து வைத்துக் காரணம் கேட்கிறதா? மலிவாக வாங்கிய சரக்கு தரம் குறைந்து கழிவு கூடியிருக்கலாம். அப்போது கொள்முதல் பிரிவைப் பாராட்டி உற்பத்திப் பிரிவைத் திட்டுவது தவறு. அதை எழுத வைக்கும் ஆசிரியர் இருந்தால் அந்தக் கல்லூரிக்கு ஒரு படி கூடுதல் மதிப்புத் தரலாம்.

இரண்டு ஆண்டுத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். எட்டுக் கேள்வியில் ஐந்து, எண் மட்டும் மாறித் திரும்ப வந்திருந்தால் அந்தக் கல்லூரியின் உயர்ந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் புரிந்துவிடும்.

---

இருப்பாய்வு

90 விழுக்காடு என்ற எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எந்த விழுக்காட்டுக்கும் கீழே ஒரு எண் இருக்கிறது, அதைக் கேளுங்கள். 120 பேர் சேர்கிறார்கள். இடையில் சிலர் போய்விடுகிறார்கள், சிலரை வருகை குறைவு என்று தேர்வு எழுத விடுவதில்லை. 80 பேர் எழுதி 72 பேர் தேறினால் தேர்ச்சி 90 விழுக்காடு. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 60. இரண்டுமே உண்மையான கணக்கு. கல்லூரி முதலாவதைத்தான் பலகையில் எழுதும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "பட்டத்தின் கால அளவு முடிந்த கடைசி அணியில் (பேட்ச்) முதல் நாள் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அதில் குறித்த காலத்துக்குள் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர்?"

வேலைவாய்ப்பிலும் இதே கதை. 'பதிவு செய்தவர்களில்' என்பதும் 'முடித்தவர்களில்' என்பதும் வேறு. பெரிய தணிக்கை நிறுவனம் நான்கில் ஒன்றின் பெயரைக் காட்டினால் பதவியின் பெயரைக் கேளுங்கள். அந்த நான்கிலும் தணிக்கைப் பயிற்சியாளர் வேலையும் இருக்கிறது, பின்னணிச் சேவை மையத்தில் விவரப் பதிவு வேலையும் இருக்கிறது. நியமனக் கடிதத்தில் அச்சான பதவியும் பிரிவும்தான் கணக்கு. சம்பளத்தில் உச்சத்தையும் சராசரியையும் ஒதுக்கிவிட்டு இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) கேளுங்கள். ஒருவருக்குக் கிடைத்த பெரிய தொகை சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சுவரில் தொங்கும் அங்கீகாரச் சான்றுகள் பற்றியும் ஒரு சொல். ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஏஎம்பிஏ மூன்றும் வணிகக் கல்விக்கான பன்னாட்டு அங்கீகாரங்கள். ஏஏசிஎஸ்பி வணிகக் கல்விக்கு ஓர் அங்கீகாரமும், கணக்கியலுக்கென்று தனியாக இன்னோர் அங்கீகாரமும் தருகிறது. கணக்கியலுக்கானதும் இருந்தால் அது உண்மையிலேயே எடை உள்ளது. ஈக்விஸ் முழுக் கல்லூரியையும் மதிப்பிடுவது. ஏஎம்பிஏ எம்பிஏ போன்ற மேலாண்மை மேற்படிப்புகளுக்கானது, அதை வைத்து இளங்கலைக் கணக்கியலை எடைபோட முடியாது. எதுவும் இல்லை என்பதற்காகக் கல்லூரியை ஒதுக்க வேண்டாம். அரசின் அல்லது பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் மட்டும் கட்டாயம், அது இல்லாவிட்டால் மேலே பேச ஒன்றுமில்லை.

ஆசிரியர்–மாணவர் விகிதத்தைக் கல்லூரி முழுக்கக் கூட்டிச் சொல்வார்கள். இறுதியாண்டுக் கணக்கியல் வகுப்பில் எத்தனை பேர், கணக்குப் போட்டுப் பார்க்கும் சிறு வகுப்பில் எத்தனை பேர், அதை எடுப்பவர் முழுநேர ஆசிரியரா என்று கேளுங்கள். கணக்கியல் கைப்பழக்கம், நோட்டில் தவறு எங்கே நுழைந்தது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். 200 பேர் அமரும் அரங்கில் அது நடக்காது.

---

வரவுபற்று

எல்லோருக்கும் நன்றி. நேரில் போய்க் கேட்டதில் தெரிந்தவை:

அ: பாடத்திட்டத்தில் ஐஏஎஸ் 17 அப்படியே இருக்கிறது. வினாத்தாள் பெரும்பாலும் 'விளக்குக' வகை. ஆனால் சிறு வகுப்பில் 20 பேர்தான், முழுநேர ஆசிரியர்கள்.

ஆ: கடிதம் காட்டினார்கள், 9 தாள்களும் இருக்கின்றன. ஆனால் தணிக்கையும் வரியும் விருப்பப் பாடம். குறைந்தது 15 பேர் எடுத்தால்தான் வகுப்பு நடக்குமாம். வினாத்தாள் நன்றாக இருக்கிறது.

இ: 5 தாளுக்குத்தான் விலக்கு. வினாத்தாள் நன்று. பயிற்சி ஆண்டு பற்றிக் கேட்டால் "மாணவர்கள் விண்ணப்பிப்பார்கள், நாங்கள் உதவுவோம்" என்றார்கள்.

9க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிதா? பயிற்சி ஆண்டை எப்படி எடைபோடுவது?

---

பேரேடு

நான்கு தாள் வித்தியாசம். ஏசிசிஏவின் திறன் தாள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டில் நான்கு தேர்வுக் காலங்கள்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். ஒரு காலத்துக்கு இரண்டு தாள் என்று எழுதித் தேறினால் நான்கு தாளை இரண்டு காலத்தில் முடிக்கலாம். ஆறு மாதம் என்று வையுங்கள், ஒன்றில் தவறினால் ஒன்பது. மூன்றாண்டு முழுக்க அதிகக் கட்டணம் கட்டுவதற்கு இது ஈடாகுமா என்று உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விலக்கும் இலவசம் அல்ல. தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஏசிசிஏவுக்குக் கட்ட வேண்டும். விளம்பரத்தில் இந்தச் செலவு வராது.

விலக்கு கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உயர்நிலையில் வரும் வணிக அறிக்கையிடல் தாள், திறன் நிலையின் நிதி அறிக்கையிடல் தாளின் மேல் கட்டப்பட்டது. குழும நிறுவனக் கணக்குகளை ஒருங்கிணைப்பது கையில் ஓடாதவர், அதைத் தாண்டிப் போய் உயர்நிலையில் விழுவார். உயர்நிலைத் தணிக்கையும் அப்படியே. கல்லூரியில் அந்தப் பாடத்தில் மகளின் மதிப்பெண் சுமாராக இருந்தால் விலக்கை விட்டுவிட்டுத் தேர்வு எழுதுவது நல்லது. அதற்கு அனுமதி உண்டு.

இ கல்லூரியின் 5 எவை என்று பாருங்கள். அடிப்படை மூன்றும் மேலே இரண்டுமாக இருந்தால், மீதி நான்கும் அவர்களின் பாடத்தில் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்க வேண்டும். பாடமே இல்லையா, அல்லது பாடம் இருந்தும் கல்லூரி விலக்குக்கு விண்ணப்பிக்கவில்லையா? இரண்டாவது என்றால் படிப்பில் குறை இல்லை, மகள் தேர்வை எழுதிக்கொள்ளலாம்.

ஆ கல்லூரியின் 15 பேர் நிபந்தனைதான் என்னை உறுத்துகிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் தணிக்கை விருப்பப் பாடம் நடந்ததா, எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு முறை நடக்காமல் போயிருந்தாலும் 9 என்ற எண்ணை 7 என்று திருத்தி வைத்துக்கொண்டு மேலே யோசியுங்கள்.

---

தணிக்கைத்தாள்

பயிற்சி ஆண்டு பற்றி. இது சரியாக அமைந்தால் மூன்று கல்லூரியிலும் இதற்கு இணையானது இல்லை. சரியாக அமையாவிட்டால் ஓர் ஆண்டு வீண். நடுவில் நிற்பது அரிது.

முதல் கேள்வி: இடம் கிடைக்காவிட்டால் என்ன? சில கல்லூரிகளில் மாணவர் தானாகவே மூன்றாண்டுப் பட்டத்துக்கு மாற்றப்படுவார். அப்போது பட்டத்தின் பெயரும் மாறும், விலக்குப் பட்டியலும் மாறலாம். சில இடங்களில் கல்லூரிக்குள்ளேயே ஒரு திட்டப்பணி கொடுத்து ஆண்டை நிரப்புவார்கள். "உதவுவோம்" என்பது பதில் அல்ல. கடந்த மூன்று அணிகளில் எத்தனை பேர் தகுதி பெற்றார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எந்தெந்த நிறுவனங்களில் என்ற பட்டியலைக் கேளுங்கள். தனிப்பெயர்கள் வேண்டாம், நிறுவனமும் எண்ணிக்கையும் போதும்.

இரண்டாவது: அந்த ஓராண்டு தொழில்முறை அனுபவமாகக் கணக்கில் சேருமா? ஏசிசிஏ 36 மாத அனுபவம் கேட்கிறது. தேர்வுக்கு முன்பு, நடுவில், பின்பு எப்போது பெற்றாலும் செல்லும். ஆனால் வேலை கணக்கியல் சார்ந்ததாக இருக்க வேண்டும், தகுதியுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் அதை உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத அலுவலகத்தில் 12 மாதம் உழைத்தும் கணக்கில் ஏறாமல் போகலாம். சேரும் முன்பே மேற்பார்வையாளரின் தகுதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: என்ன வேலை கொடுக்கிறார்கள்? பயிற்சி முடித்து வந்த இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், சரக்கு இருப்பு எண்ணப் போனாயா, என்ன செய்தாய் என்று கேளுங்கள். உண்மையில் செய்தவர் இரண்டு திசையைச் சொல்வார். பட்டியலில் இருந்து சில பொருள்களைத் தேர்ந்தெடுத்துக் கிடங்கில் தேடியிருப்பார். அது எழுதியது உண்மையில் இருக்கிறதா என்பதற்கு. கிடங்கில் கண்ணில் பட்ட சிலவற்றை எடுத்துப் பட்டியலில் தேடியிருப்பார். அது இருப்பதெல்லாம் எழுதப்பட்டதா என்பதற்கு. அசையாமல் கிடக்கும், தூசி படிந்த சரக்கைக் குறித்து வைத்திருப்பார், மதிப்பைக் குறைக்க வேண்டிவரும் என்பதால். "நானும் கூடப் போனேன்" என்று மட்டும் சொன்னால், அங்கே கோப்பு அடுக்கும் வேலைதான் கிடைத்திருக்கிறது.

கால அட்டவணையும் பாருங்கள். ஜூன், டிசம்பர் தேர்வுக் காலங்கள் கல்லூரி செமஸ்டர் தேர்வோடு மோதினால் அந்த ஆண்டில் மார்ச்சும் செப்டம்பரும்தான் மிஞ்சும். அடிப்படை மூன்று தாள்களும் கணினித் தேர்வு, எந்த மாதமும் எழுதலாம், அவற்றால் தொல்லை இல்லை.

கணினிப் பயிற்சி பற்றி ஒரே கேள்வி போதும்: ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை மணி, அதற்கு மதிப்பெண் உண்டா? மதிப்பெண் இல்லாத ஆய்வகத்துக்கு மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள். வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் எக்செலில் இரண்டு தாள்களாகக் கொடுத்து, பொருந்தாத வரிகளைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிக்கச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். 30 வரியைக் கையால் டிக் போட்டுவிடலாம். 3,000 வரி வந்தால் ஒரே தொகை நான்கு முறை வரும், தேதி இரண்டு நாள் தள்ளியிருக்கும், காசோலை எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் காணாமல் போயிருக்கும். வேலையில் முதல் மாதமே வருவது அதுதான்.

---

வரவுபற்று

இ கல்லூரியிடம் பட்டியல் கேட்டேன், அனுப்பிவிட்டார்கள். கடைசி அணியில் 48 பேர் தகுதி, 41 பேருக்கு இடம், அதில் 26 பேர் தணிக்கை நிறுவனங்களில். கிடைக்காத 7 பேர் மூன்றாண்டுப் பட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஆ கல்லூரியில் தணிக்கை விருப்பப் பாடம் மூன்று ஆண்டில் இரண்டு முறைதான் நடந்திருக்கிறது. நீங்களாக இருந்தால்?

---

குறிப்பேடு

நான் இ என்று சொல்வேன். தணிக்கைதான் இலக்கு, நாடு முடிவாகவில்லை. நான்காண்டுப் பட்டமும் தணிக்கை நிறுவனத்தில் ஓராண்டும் எந்த நாட்டுக்குப் போனாலும் கையில் இருக்கும். விலக்கை நாடு முடிவான பிறகுதான் பயன்படுத்தவே முடியும். மேலே இருக்கும் வினாத்தாள் சோதனையிலும் இ தேறிவிட்டது. 48இல் 41 என்பது மறைக்காமல் கொடுத்த எண் போலத் தெரிகிறது. 100 விழுக்காடு என்று சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அ கல்லூரியின் சிறு வகுப்பு நல்ல விஷயம், மனமில்லாமல்தான் அதை விடச் சொல்கிறேன். பழைய தரநிலையைப் படித்துவிட்டு, அதை மறந்து, புதியதை மறுபடி படிப்பது இரட்டைச் செலவு.

---

பேரேடு

எனக்கும் இப்போது இ கல்லூரிதான். ஏசிசிஏதான் என்று மகள் இன்றே முடிவெடுத்து, ஆ கல்லூரி தணிக்கை வகுப்பு நடக்கும் என்று எழுத்தில் கொடுத்தால் மட்டும் மாற்றிச் சொல்வேன். இந்திய சி.ஏ. என்று முடிவானால் கணக்கு வேறு: அந்த நான்காண்டும் நீளம்.

---

இருப்பாய்வு

முன்பணம் கட்டும் முன் இ கல்லூரியிடம் மூன்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பயிற்சி ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் முழுதா, பாதியா, இல்லையா. பல பெற்றோர் இதை மூன்றாம் ஆண்டில்தான் அறிகிறார்கள். பயிற்சிக்குத் தகுதி பெற முதல் இரண்டு ஆண்டில் எத்தனை விழுக்காடு வேண்டும், ஒரு பாடம் நிலுவை இருந்தால் போக விடுவார்களா. விலகினால் எந்தத் தேதி வரை முன்பணம் முழுதாகத் திரும்பும்.

கட்டண விவரத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக் கேளுங்கள்: கல்லூரிக்கு, தொழில்முறை அமைப்புக்கு, தனிப் பயிற்சிக்கு. 'ஒருங்கிணைந்த கட்டணம்' என்று ஒரே தொகையாகச் சொன்னால், அமைப்பின் ஆண்டுச் சந்தா அதில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். சந்தா கட்டாமல் விட்டால் மாணவப் பதிவு நீக்கப்படும். கல்லூரி கட்டியிருக்கும் என்று வீட்டிலும், வீட்டில் கட்டியிருப்பார்கள் என்று கல்லூரியிலும் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் இது நடக்கிறது. பதிவு மகளின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும், கல்லூரி கொடுக்கும் முகவரியில் வேண்டாம்.

---

வரவுபற்று

மூன்று கேள்விகளையும் இ கல்லூரிக்கு இன்று மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். பயிற்சி ஆண்டுக் கட்டணம் பற்றி அவர்களின் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை, கேட்கச் சொன்னது நல்லதாயிற்று. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.